மேசைமேல் ரெங்கத்துச் சேறு

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்றாலே எனக்குப் பயம். பென்ஷனை நிறுத்திவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றும். பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு. மாடி நடைவழியில் வைத்திருக்கிற ரெங்கத்து லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், மாதிரியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். புதிதாகக் கூட்ட வந்த ஆள் அதன் அடியில் நான்கு கோணிச் சாக்குகளை விரித்துவிட்டுப் போனானாம். ஏன் என்று கேட்டால், "சேறு ஒழுகி நான் துடைச்ச தரையெல்லாம் பாழாப் போகுமே" என்றானாம்!

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த வரியை ஏழெட்டுத் தடவை படித்தேன். அந்தச் சேற்றை நான் செய்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஒருவன் சாக்கு விரிக்கிறான்!

கடிதம் எழுதியவர்கள் மாதிரி அறையில் இப்போது வேலை பார்ப்பவர்கள். என்ன கலந்தீர்கள், எத்தனை பூச்சு, விவரமாக எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுதினால் பிழை மலியுமே என்று நான்கு நாள் தயங்கினேன். ஐந்தாம் நாள், சேற்றில் பிழை விடாதவன் எழுத்தில் விட்டால் விட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கலவையை மட்டும் எழுதினால் அவர்களுக்குப் பயன்படாது. எனக்கும் கலவை ரொம்ப நாள் முன்பே தெரியும். சேறுதான் தெரியாமல் இருந்தது.

நான் வளர்ந்தது ஜோகூர் பாருவை அடுத்த தெப்ராவ் பக்கம், சீனர்கள் கம்பீர் இலையைக் கொதிக்கவைத்துச் சாயக்கட்டி எடுக்கிற கொட்டகைக்கு அருகில். அப்பா இறந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. நில அளவைக்காரர்களுக்குச் சங்கிலி பிடிக்கப் போனேன். ஓய்வு நேரத்தில் முளைக்கட்டைகளின் தலையில் மீன், ஆமை என்று செதுக்குவேன். அந்த ஆமை ஒன்று எப்படியோ ஜோகூர் பாருவுக்குப் போய் மாதிரி அறைத் தலைவர் செல்லையா ஐயாவின் மேசையில் உட்கார்ந்துவிட்டது. அரசாங்க முளையைப் பாழாக்கியதற்குத் தண்டனைதான் என்று நடுங்கிக்கொண்டே போனேன். "ஆமையின்ரை கால் ஒண்டு குட்டை. மற்றபடி பறவாயில்லை. நாளைக்கு வாரும்" என்றார். அவ்வளவுதான், அதுவே வேலை உத்தரவு.

மாதிரி அறையின் வேலை இதுதான். எங்காவது பாலமோ சாலையோ வடிகாலோ போடப்போகிறார்கள் என்றால் அந்த இடத்தை மரத்தாலும் சாந்தாலும் சிறிதாகச் செய்து அதிகாரிகள் முன்னால் வைப்போம். பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள்.

செல்லையா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் வந்ததும் குடையை ஆணியில் மாட்டுவார். யாருக்கும் வணக்கம் கிடையாது. நேராக மாதிரியிடம் போய் மோவாய் மேசை விளிம்பில் படும்வரை குனிவார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். மேலே நின்று பார்ப்பவன் பருந்து, சனங்கள் தரையில் நடக்கிறார்கள், அங்கிருந்து பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி. பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு மரப் பொம்மையை எடுப்பார். சுண்டுவிரலில் இரண்டு கணு உயரம். அதற்குச் சின்னத்தம்பி என்று பெயர் வைத்திருந்தார். சின்னத்தம்பியை மாதிரியின்மேல் அடி அடியாக நடத்திக்கொண்டு போவார்.

"சின்னத்தம்பி இதிலை வழுக்குவானோ, இல்லையோ?"

"வழுக்குவான் ஐயா."

"எங்கை வழுக்குவான்? காட்டும்."

காட்டத் தெரியாவிட்டால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி செய்யவேண்டும். கோபிக்கமாட்டார். சுரண்டுகிற உளியை அவரே எடுத்து நீட்டுவார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

என் முதல் சேற்றின் கதையையும் சொல்லிவிடவேண்டும். உலு திராம் போகிற மண்சாலையின் மாதிரி. மழைக்காலத்தில் வண்டிச்சக்கரம் புதைவதைக் காட்டவேண்டும். நிஜ மண்ணைக் கரைத்துப் பூசினேன். மறுநாளே வெளுத்து, வெடித்து, சுருண்டு எழுந்தது. அதன்மேல் எதைப் பூசினாலும் காய்ந்தவுடன் ஈரம் போய்விடுகிறது. காயாத பொருள் எது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் பனைவெல்லப் பாகைக் காய்ச்சி ஊற்றினேன். ஆகா! சக்கரத் தடத்தில் தண்ணீர் நிற்பதுபோலவே மினுங்கியது. சந்தோஷத்தில் பாதிப் பாகை வழித்தும் தின்றுவிட்டேன்.

காலையில் ஐயா குனிந்தார். வெகுநேரம் எழவில்லை.

"மாணிக்கம், இந்த றோட்டிலை போக்குவரத்துக் கூடிப்போச்சுது."

போய்ப் பார்த்தால், சாலை முழுக்க எறும்பு. வண்டியை மொய்த்து, மாட்டை மொய்த்து, பாகில் கால் ஒட்டிச் செத்தவை பாதி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதேயும். எறும்புக்கு உம்முடைய சேறு பிடிச்சிருக்கு. எனக்குப் பிடிக்கேல்லை. இது ஈரம் இல்லை, மினுக்கம். ஈரம் எண்டால் வேறை."

ஈரம் என்றால் என்ன என்று அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. அதை ரெங்கத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

அது யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து. ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே லயம் இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருந்தது. மேட்டிலிருந்து ஊற்று கசிந்து வீடுகளுக்குப் பின்னால் வருஷம் முழுக்க நிற்கும். குளிர்காய்ச்சல் வராத வீடு கிடையாது. அந்தக் கசிவில்தான் கொசு முட்டையிடுகிறது, லயத்தை மேட்டுக்கு மாற்றவேண்டும் என்று அரசாங்க வைத்தியர் ஒருவர் எழுதிக் கேட்டார். தோட்டத்துத் துரை, தண்ணீரே இல்லை, தரை கல்லுப்போல இருக்கிறது என்று பதில் எழுதினார். முடிவு சொல்ல ஒரு சபை அமைத்தார்கள். தலைவர் டத்தோ பட்டம் பெற்ற ஒரு மலாய்க்காரர், பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். முழங்கால் சேற்றில் இறங்கிப் பார்க்கிற வயது அவருக்கு இல்லை. ஆகவே, செய்யுங்கள் ஒரு மாதிரி என்று உத்தரவு வந்தது.

ஐயா உத்தரவைப் படித்துச் சொன்னபோது கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த லயத்தில்தான் என் தங்கை பாக்கியம் இருந்தாள். முந்தின மழைக்காலத்தில் ஒரு குழந்தையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். இரண்டு வயதில் இன்னொரு பெண் குழந்தை இருந்தது. அதற்கும் வாரம் தப்பாமல் நடுக்கம்.

ஐயாவிடம் சொன்னேன். அவர் உத்தரவை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அப்ப நீர்தான் செய்யவேணும். ஆனால் கேளும். ஒரு துளி தண்ணி கூடினாலும் அந்தத் துரை எங்களைப் பொய்யர் எண்டுவான். ஒரு துளி குறைஞ்சால் உம்முடைய தங்கச்சி அங்கையே கிடப்பாள். போய் அளந்துகொண்டு வாரும்."

ரயிலில் போய் இறங்கி நடந்தேன். டிசம்பர் மழை. லயத்தின் முன்வாசல் நன்றாகத்தான் இருந்தது, சரளை போட்டிருந்தார்கள். பின்பக்கம் போனதும் முதல் அடியிலேயே ஒரு செருப்பு உள்ளே போய்விட்டது. இன்றுவரை திரும்பி வரவில்லை.

"அண்ணே, அங்கேயே நில்லு! பலகை மேல வா!" என்று பாக்கியம் சமையல்கட்டு வாசலிலிருந்து கத்தினாள். இடுப்பில் குழந்தை. வாசலிலிருந்து கிணறுவரை ஒற்றை வரிசையாகப் பலகை போட்டிருந்தது. ரப்பர் கட்டி அனுப்புகிற பெட்டியின் பலகைகள். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் தோட்டத்து முத்திரை: வைர வடிவக் கட்டத்துக்குள் இரண்டு எழுத்து.

"இது ஏது?"

"ஸ்டோர்ல உடைஞ்ச பெட்டி கெடந்திச்சு. கேட்டா குடுப்பாங்களா? நாங்க பொம்பளைங்க ஆளுக்கு ரெண்டா எடுத்தாந்தோம். கங்காணி பாத்தும் பாக்காத மாதிரி போயிட்டாரு."

நான் ஏன் வந்தேன் என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு. "சேத்தப் பாக்க ரயில் சீட்டுக் குடுத்தாங்களா? அலாமாக்! என்னைக் கேட்டா ஒரு சட்டி நெறையா அள்ளிக் குடுத்திருப்பேனே!" பிறகு திடீரென்று முகம் மாறியது. "அண்ணே, எதைச் செஞ்சாலும் செய்யி. பலகைய மட்டும் வச்சிராதே. தொரைக்குத் தெரிஞ்சா திருட்டுன்னு பேரைக் கிழிச்சு வெளிய அனுப்பிருவாரு. இந்தப் புள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவேன்?"

"வைக்கமாட்டேன்" என்றேன்.

இரண்டு நாள் அந்தச் சேற்றில் நின்றேன். குறியிட்ட குச்சியால் ஒவ்வொரு குட்டையாக அளந்து நோட்டில் வரைந்தேன். அப்போதுதான் கண் திறந்தது! ஈரச்சேறு எங்கேயும் ஒரேமாதிரி மினுங்குவதில்லை. பள்ளத்தில் கண்ணாடி, அதைச் சுற்றி மினுக்கமே இல்லாத கறுப்பு, அதற்கும் மேலே, பாதம் பிதுக்கி எழுப்பிய வரம்பில், வெளுக்கத் தொடங்கிய மண். மூன்றும் சேர்ந்தால்தான் கண் அதை ஈரம் என்று நம்புகிறது. மழையில் நனைந்துகொண்டே நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து, பாக்கியத்தின் பக்கத்து வீட்டுக்காரி, "ஒங்க அண்ணனுக்கும் காச்சல் வந்திருச்சுடி" என்றாள்.

இனி அவர்கள் கேட்டதைச் சொல்கிறேன்.

அளவு, ஓர் அங்குலத்துக்கு நான்கு அடி. அடிப்பலகை மெராந்தி மரம். மரத்தூளை மல்துணியில் சலித்து, பாரிஸ் சாந்தோடு கலந்து, தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ஜிரப் பசையில் குழைத்தேன். தோசைமாவைவிடக் கெட்டி, புட்டுமாவைவிட இளக்கம். பூசிய பிறகு, அது இறுகுவதற்குள், பாதங்களைப் பதித்தேன். இந்த அளவில் ஒரு பெண்ணின் பாதம் ஓர் அரிசி நீளம். புழுங்கலரிசியைக் கம்பியில் ஒட்டிப் பதித்தேன். குழந்தைகளுக்கு நொய். மாட்டுக்குளம்புக்கு எள் இரண்டைச் சேர்த்து. இடுப்பில் குழந்தையோடு நடப்பவளின் பாதம் ஒரு பக்கம் ஆழமாகப் பதியும். அதையும் விடவில்லை.

நன்றாகக் காய்ந்தபின் கம்பீர்க் கட்டியைக் கொதிக்கவைத்து, விளக்குக்கரி சேர்த்து, பள்ளங்களில் கறுப்பாகவும் மேலே வரவர இளசாகவும் ஏற்றினேன். கம்பீரின் பழுப்புக்கு இணை கிடையாது. ரெங்கத்துச் சேறு அதே நிறம். கடைசியில் தண்ணீர். தச்சர்கள் மரத்துக்கு மினுக்கம் ஏற்றும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, கோழி இறகின் முனையில் தொட்டு, ஒவ்வொரு பாதத்திலும் சொட்டு விடுவது. ஒரு பூச்சு காயவேண்டும், பிறகு அடுத்தது. அவசரப்பட்டுக் கெட்டியாக ஊற்றினால் குமிழ் விடும். குட்டைக்குப் பதினைந்து பூச்சுவரை போனேன்.

எல்லாம் முடிந்து ஐயா குனிந்தார். சின்னத்தம்பி பாக்கியத்தின் வாசலிலிருந்து இறங்கினான். இரண்டடி நடந்தான். நின்றான்.

"மாணிக்கம், இவன் இதிலை முழங்கால் வரை புதைவான் என்ன?"

"ஆமா ஐயா."

"பொம்பிளைப் பிள்ளை, இடுப்பிலை குழந்தை, தலையிலை குடம். எப்பிடிக் கிணத்துக்குப் போறது?"

"சுத்திப் போவாங்க ஐயா."

"சுத்திப் போனால் மேடு. அங்கை ஒரு பாதமும் நீர் பதிக்கேல்லையே?"

என் அரிசியே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது! வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு வெற்றுப் பட்டை. யாரும் நடக்காத இடம். பலகை இருந்த இடம். அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். தங்கைக்கு வாக்குக் கொடுத்ததையும் சொன்னேன்.

ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கிடந்ததை வைக்காமல் விட்டால் அது மாதிரி இல்லை, விளையாட்டுச் சாமான். பலகையை வையும். பலகை எண்டால் வெறும் பலகை. எந்தக் காட்டிலை வெட்டினது எண்டு ஆர் கேக்கப்போறான்?"

தீப்பெட்டிப் பலகையைச் சீவி வைத்தேன். மேலே ஒரு பூச்சு அவலரக்கும் கொடுத்தேன், மழையில் நனைந்த பலகை அல்லவா. சபை கூடுவதற்கு முந்தின நாள் மாலை ஐயா பார்த்துவிட்டு, "காணும். இனித் தொடாதேயும்" என்றார். 'போதும்' என்று அர்த்தம் தரும் அந்தக் 'காணும்' அவர் வாயிலிருந்து வருவது தீபாவளி வருவதுபோல, வருஷத்துக்கு ஒருமுறை.

அதோடு நான் விட்டிருக்கவேண்டும். ஆனால் கவலைப்படுகிறவனின் கை சும்மா இருக்குமா? சபை பதினோரு மணிக்கு. எட்டு மணிக்கே போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் ஈரம் கொஞ்சம் குறைவோ என்று ஒரு சந்தேகம். ஒரே ஒரு பூச்சு, மெலிசாக, எல்லா இடத்திலும் கொடுத்தேன். கொடுத்து முடிக்கவும் கடல்பக்கமிருந்து மழை வந்து ஜன்னலில் அடிக்கவும் சரியாக இருந்தது. அறை முழுக்க ஈரக்காற்று. என் கண்ணெதிரே சேறு வெளிறத் தொடங்கியது. குட்டைகள் எல்லாம் பால் ஊற்றியதுபோல வெள்ளை. கால்மணி நேரத்தில் ரெங்கத்து லயம் சுண்ணாம்புக் காளவாய் ஆகிவிட்டது!

அவலரக்கு காய்கிறபோது காற்றில் ஈரம் இருந்தால் இப்படித்தான் வெள்ளை பூக்கும். இந்த ஊரில் வேலை செய்கிறவன் மறக்கக்கூடாத முதல் பாடம் இது. நான் மறந்தேன். பாக்கியத்தின் குழந்தை முகம் கண்ணில் வந்தது. துரை இதைப் பார்த்து, தரை வெள்ளை வெளேரென்று காய்ந்திருக்கிறதே என்று சொல்வார். சொல்லாமல் என்ன செய்வார்?

சூடு காட்டினால் பூத்தது மறையும் என்று எப்போதோ ஒரு மேசைத் தச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. மழையில் ஓடினேன். எதிர்ச்சாரியில் சலவைக்கார வேலு கரிப்பெட்டியால் யாரோ ஒரு அதிகாரியின் கால்சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வேலண்ணே, பொட்டியோட வாங்க! ஓடி வாங்க!"

"யாருக்கு என்னாச்சு?"

"சேறு காஞ்சு போச்சு!"

"அடப்பாவி, சேறு காஞ்சா நல்லதுதானே லா" என்றார். ஆனாலும் வந்தார். மாதிரியைப் பார்த்துவிட்டு, "இது சட்டையா, வேட்டியா? மடிப்பு எங்க வைக்கணும் சொல்லு" என்றார்.

"தொட்டுறாதீங்கண்ணே. நாலு விரல் மேல புடிங்க. மெதுவா. இன்னும் மெதுவா."

பெட்டி மேலே போன இடத்தில் பால் கரைந்தது! கறுப்பு திரும்பி வந்தது! பாதங்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. "ஐயோ, வருது வருது!" என்று வேலு என்னைவிட அதிகமாகக் குதித்தார். குட்டைகள், மாட்டுத்தடம், கிணற்றடி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன். பலகை வரிசைக்கு வந்தோம். அங்கே பால் கரைந்தபோது ஒரு பலகையின் நுனியில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன்.

வைர வடிவக் கட்டம். உள்ளே இரண்டு எழுத்து.

நான்தான் எழுதியிருக்கிறேன், ஒற்றை மயிர்த் தூரிகையால். எப்போது எழுதினேன் என்றே நினைவில்லை. நோட்டில் வரைந்திருந்ததைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற கை, தன் பழக்கத்தில் முத்திரையையும் போட்டுவிட்டது. உளியை எடுத்தேன். எழுத்தின்மேல் அவலரக்கு கண்ணாடியாக உட்கார்ந்திருந்தது. சுரண்டினால் பலகையே பிய்ந்துவரும்.

"கையை எடும்!"

ஐயா வாசலில் நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஈரக்கோட்டோடு நேராக வந்து மோவாய் படக் குனிந்தார்.

"வேலு, பெட்டியை அப்பாலை கொண்டு போம். இனிச் சூடு வேண்டாம். மாணிக்கம், இங்கை வந்து பாரும். என்ரை உயரத்திலை பாரும்."

குனிந்து பார்த்தேன். பள்ளங்களில் மட்டும் பால் முழுக்கப் போயிருந்தது. பாத வரம்புகளின் முதுகில் மெல்லிய வெளிறல் அப்படியே தங்கியிருந்தது, மழை விட்டு அரைமணி நேரம் ஆன சேறுபோல. கண்ணாடி, கறுப்பு, வெளுப்பு. நான் ரெங்கத்தில் மழையில் நின்று பார்த்த அதே மூன்று! பதினைந்து பூச்சில் எனக்கு வராததை என் பயமும் வேலுவின் கரிப்பெட்டியும் சேர்ந்து செய்துவிட்டன. ஆனால் முத்திரையும் அப்படியே இருந்தது.

"ஐயா, பலகையில..."

"அவையள் வந்திட்டினம். ஓரமாய் நில்லும்."

வந்தார்கள். டத்தோ வெள்ளைக் கோட்டும் சொங்கோக் தொப்பியும் அணிந்து, மெதுவாக நடந்து வந்தார். பின்னால் வைத்தியர். அவருக்கும் பின்னால் தோட்டத்துத் துரை, சிவந்த முகம், பளபளக்கும் பூட்ஸ். சபையின் மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

டத்தோ மாதிரியைச் சுற்றி வந்தார். கிணற்றடியில் நின்றார். "பாசா லாகி?" என்றார். இன்னும் ஈரமா என்று அர்த்தம். யாரும் பதில் சொல்வதற்குள் ஒரு விரலைக் குட்டையில் வைத்தார். எடுத்தார். பையிலிருந்து கைக்குட்டையை உருவி விரலை நன்றாகத் துடைத்தார். துடைத்த பிறகுதான் கைக்குட்டையைப் பார்த்தார். ஒரு பொட்டு அழுக்கு இல்லை! அவர் வாய்விட்டுச் சிரிக்க, வைத்தியரும் சிரித்துவிட்டார்.

துரை சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்து தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"ஏ ஆளு! இந்தத் தண்ணி நீ எங்கே பாத்தே? நம்ம லயத்திலே தரை நல்லா காஞ்சி இருக்கு. நான் தினம் குதிரையிலே போறான், எனக்குத் தெரியாதா?"

"தொரைங்களே, குதிரை முன்பக்கம் போவுது. தண்ணி பின்பக்கம் நிக்குது." என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"பொய்! எல்லாம் வார்னிஷ்!"

டத்தோ கையை உயர்த்தினார். ஐயாவின் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையை நீட்டினார். இந்த அறையின் வழக்கம் அவருக்கும் தெரிந்திருந்தது. ஐயா சின்னத்தம்பியை எடுத்து அதில் வைத்தார். டத்தோ அவனைப் பாக்கியத்தின் வாசலில் நிறுத்திவிட்டு மலாயில் என்னைக் கேட்டார்: "பெண்கள் தண்ணீர் எடுக்க எந்த வழியாகப் போகிறார்கள்?"

அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே! மேட்டுவழியைக் காட்டினால் முத்திரைமேல் யார் கண்ணும் படாது. பாக்கியம் தப்பிப்பாள். ஆனால் மேட்டில் ஒரு பாதம் இல்லை, டத்தோவுக்கும் கண் இருக்கிறது. மாதிரி முழுவதும் பொய் ஆகிவிடும். அப்போது அவள் அந்தப் பள்ளத்திலேயே கிடப்பாள். என் விரல் போய்ப் பலகையைக் காட்டியது.

சின்னத்தம்பி பலகைமேல் ஏறினான். ஒன்று, இரண்டு, மூன்று. துரை குனிந்து அவனைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்தது.

"ஏய்! இது நம்ம பெட்டிப் பலகை! நம்ம மார்க்!" என்று தமிழில் கத்தினார். பிறகு ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். மழை தொடங்கியதிலிருந்து பலகை காணாமல் போகிறதாம், கணக்கு எழுதும் கிராணியைக் கேட்டால் கறையான் என்கிறானாம், இந்தப் பெண்கள்தான் திருடியிருக்கிறார்கள், ஒவ்வொருத்தியையும் விரட்டப்போகிறேன் என்றாராம். ஐயா பின்னால் எனக்குச் சொன்னது இது. அந்த நேரத்தில் எனக்குப் புரிந்ததெல்லாம் அவர் முகம்தான். முடிந்தது, தங்கையின் பேரை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று நின்றேன்.

வைத்தியர் ஒரே ஒரு வரி சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். டத்தோ திரும்பித் துரையைப் பார்த்தார்.

"ஐயா, என்ன சொன்னாரு?" என்று கிசுகிசுத்தேன்.

ஐயா உதடு அசையாமல் சொன்னார்: "காஞ்ச தரையிலை பலகை என்னத்துக்கு எண்டு கேக்கிறார்."

துரை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். டத்தோ சின்னத்தம்பியைக் கிணற்றடிவரை நடத்திக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி மலாயில் சொன்னார்: "வீடுகள் மேட்டுக்குப் போகட்டும். பலகைகளும் கூடப் போகட்டும். யார் எடுத்தார்கள் என்று கேட்கவேண்டாம்."

எல்லோரும் போனபின் நான் தரையில் உட்கார்ந்து, சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் இருந்தேன். ஐயா சின்னத்தம்பியைப் பையில் போட்டுக்கொண்டார். "அந்தக் கடைசிப் பூச்சு நான் சொல்லியோ குடுத்தனீர்?"

"இல்லைங்க ஐயா. வேண்டாம்னீங்க."

"ஓம். வேண்டாம் எண்டனான்." குடையை எடுத்தார். "இனிமேல் மழை நாளிலை வேலுவையும் கூப்பிடும்."

லயம் மேட்டுக்குப் போன பிறகு, அடுத்த வருஷத் தைப்பூசத்துக்குப் பாக்கியம் ஜோகூர் பாருவுக்கு வந்தாள். குழந்தை தன் காலால் நடந்து வந்தது. அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். பலகையை வைத்ததற்கு என்ன சொல்வாளோ என்று வழியெல்லாம் பயம். மாதிரி நடைவழிக்கு வந்துவிட்டிருந்தது. நெருங்கும்போது பாக்கியம் ஒரு கையால் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். மறுகையால் சேலையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள்.

வெகுநேரம் பார்த்தாள். தன் வாசலைக் கண்டுபிடித்தாள். பலகையைக் கண்டுபிடித்தாள்.

"வைக்கமாட்டேன்னு சொன்னியேண்ணே."

"கை வச்சிருச்சு பாக்கியம்."

"நல்ல கைதான் போ. அந்தப் பலகையத்தான் இப்போ செவுத்துல அடிச்சு வச்சிருக்கோம். மேல கொயினா காச்சல் மருந்துப் புட்டி இருக்கு. மேட்டுக்குப் போனப்ப வாங்கினது, இன்னும் பாதிகூடக் கொறையல." பிறகு மூக்கைச் சுருக்கினாள். "எல்லாம் அப்படியே இருக்கு. நாத்தம் மட்டும் இல்ல."

பின்னால் செல்லையா ஐயா வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. "ஓம் தங்கச்சி. அது மட்டும் எங்களுக்கு வரேல்லை" என்றார் மிகவும் தீவிரமாக. என்னைப் பார்த்து, "கேட்டீரோ?" என்றார்.

பாக்கியம் வெட்கத்தோடு தலை குனிந்து அவரை வணங்கிவிட்டு நடந்தாள். நடைவழி முடிந்து படி இறங்கும் வரை சேலையைக் கீழே விடவில்லை.